முட்டுவலி வேண்டி ஓர் உபவாசம்

ஐப்பசி முதல் மழை விடிய விடியப் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், கட்டிலைவிட்டுக் காலைக் கீழே வைத்த நான் தரையைக் காணாமல் தேடினேன். தரை அதன் இடத்தில்தான் கிடந்தது. நான்தான் அதற்கு ஒரு சாண் மேலே நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் சந்தோஷபுரத்தில் மழைக்காலம் பிறந்தால் சுவர் வேர்க்கும், ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கும், அலமாரிக் கதவு உப்பிக்கொண்டு திறக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும், ஆகவே ஈரம் குடித்து நானும் கொஞ்சம் உப்பிவிட்டேன் போல என்றுதான் முதலில் நினைத்தேன். ஏற்கெனவே உப்பின உடம்பு, இன்னும் ஒரு சாண் கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது. என் வீட்டுக்காரர் ஆசீர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் குனிந்து பார்த்துத்தான் நம்புவார். அவர் குனிந்து, என் பாதத்துக்குக் கீழே கையைவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிப் பார்த்தார்.

"காத்து வருது" என்றார்.

"இப்ப என்ன செய்ய?"

"முட்டு வலிக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலிக்கவில்லை.

என் முட்டுவலியைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு சொல்லும்போது, மற்றவர்கள் மகன் வேலை, மகள் கல்யாணம், மாட்டுக்குச் சுகம் என்று காலத்துக்குத் தக்கபடி மாற்றி மாற்றிச் சொல்வார்கள். நான் மட்டும் பழைய ரேடியோ மாதிரி "என் முட்டுவலி நீங்க" என்று ஒரே பாட்டைப் பாடுவேன். நான் வாய் திறக்குமுன்பே முன்வரிசைப் பெண்கள் "புஷ்பக்கா முட்டுக்காக" என்று முடித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். அப்படியிருக்க, அந்தக் காலையில் என் இரண்டு முட்டுகளும் ஒன்றும் தெரியாத குழந்தைகளைப் போலப் பேசாமல் இருந்தன. ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று கண்ணீர்விட்டேன். மேலே தூக்கிவிட்டால் பாரம் இருக்காது, பாரம் இல்லாவிட்டால் வலி இருக்காது. அவர் யோசனை சரிதான்.

ஊர் முதல் நாள் வந்து பார்த்தது. இரண்டாம் நாள் ஜோலி இருந்தவர்கள் மட்டும் வந்தார்கள். பக்கத்து வீட்டு லீதியா தையல் மெஷின் ஓட்டுகிறவள். என்னைச் சுற்றி ஒரு தடவை வந்து, "யக்கா, இனி செருப்பு மிச்சம்" என்று சொல்லிவிட்டு, கையோடு கூட்டிப்போய் அவள் வீட்டு ஃபேன் ரெக்கையைத் துடைக்கச் சொன்னாள். அங்கேயிருந்து ஆரம்பித்தது. ஒட்டடை அடிக்க என்னைக் கூப்பிட்டார்கள், முருங்கைக்காய் பறிக்கக் கூப்பிட்டார்கள், பரணிலிருந்து மழைக்கால விறகு இறக்கக் கூப்பிட்டார்கள், அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் கோயிலின் உயரமான கண்ணாடி ஜன்னல்களை முக்காலிமேல் நான் ஏறி நின்று துடைத்தபோது, அதுவரை சுவர் என்று நினைத்திருந்த ஒன்று நிஜமாகவே ஜன்னல் என்று சபையாருக்குத் தெரியவந்தது.

ஐயாவுக்குத்தான் சங்கடம். ஐயா என்றால் எங்கள் குருவானவர், கட்டையான மனிதர். நற்கருணைக்கு நான் முழங்கால்போட்டால் அவர் நெஞ்சுக்கு நேரே என் முகம் நின்றது, கிண்ணத்தை அவர் கையை உயர்த்திக் கொடுக்கவேண்டியதாயிற்று. கமிட்டி கூடிப் பேசி, என்னைக் கடைசி ஆளாக வரச்சொல்லி, ஐயாவுக்கு ஒரு பலகை செய்துபோட்டார்கள். அதோடு விஷயம் முடிந்தது. காற்றடித்தால் நான் லேசாக ஆடுவேன் என்பதால், மழைக்காற்று உள்ள நாட்களில் வெளியே போகும்போது என் வீட்டுக்காரர் துணிக்கொடிக் கயிறு ஒன்றை என் இடுப்பில் கட்டி மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். எதிரே வந்தவர்கள் "என்ன அண்ணாச்சி, மைனியக் கூட்டிட்டு எங்க?" என்று கேட்பார்களே தவிர, கயிற்றைப் பற்றிக் கேட்கமாட்டார்கள்.

பரிசுத்தம் கூடித்தான் உயர்ந்தேன் என்று இரண்டொருவர் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த இரண்டொருவரில் நானும் ஒருத்தி. வெள்ளைச் சேலை ஒன்று எடுத்தேன். மெதுவாகப் பேசிப் பழகினேன். ஒரு சாண் உயரத்தில் நிற்கிறவளுக்கு எதிரே நிற்கிறவர்களின் தலை கைக்கு வாகாக இருக்கும், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர்கள் தலையில் வைத்தேன், அவர்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். முன்பெல்லாம் என்னிடம் மீன்குழம்புக்குப் புளி அளவு கேட்டவர்கள் இப்போது தரிசனம் கேட்டார்கள். எனக்குக் கிடைத்த தரிசனமெல்லாம் அவரவர் அலமாரி மேலே கிடந்த தூசிதான், ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

"நேரா பரலோகத்துக்குத்தான் போறா போல" என்று என் வீட்டுக்காரரிடம் யாரோ சொன்னதற்கு அவர், "பரலோகம்னா மேல போகணும், இவ குறுக்கல்லா போறா" என்றாராம்.

நான் கோபப்படவில்லை. பரிசுத்தவாட்டி கோபப்படக்கூடாது.

ஆனால் மழைக்காலம் நீளநீள, ஒரு சாண் என்பது எத்தனை தூரம் என்று தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலிக்கு ஒரு சாண் மேலே, கட்டிலில் படுத்தால் மெத்தைக்கு ஒரு சாண் மேலே, முதுகுக்குக் கீழே குளிர்காற்று ரயில் மாதிரி போய்க்கொண்டிருக்கும். கோயில் விருந்தான அசனத்தன்று ஊரே பந்தலில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து இலைமேல் குனிந்து ஆட்டுக்கறிக் குழம்பைப் பிசைந்துகொண்டிருக்க, எனக்கு மட்டும் தட்டில் போட்டுக் கையில் கொடுத்தார்கள், வெளியூரிலிருந்து வந்த தணிக்கை அதிகாரிக்குக் கொடுப்பதுபோல. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மழை பெய்யும் மத்தியானங்களில் எங்கள் தெருப் பெண்கள் லீதியா வீட்டு முன்னறையில் தரையில் வட்டமாக உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டு பேசுவார்கள். நானும் போனேன். என் கண்ணுக்கு அவர்கள் தலை வகிடுகள் மட்டுமே தெரிந்தன. பேச்சு சட்டென்று சுத்தமாகிவிட்டது. "மழை நல்ல மழை" என்றார்கள். "ஆமா, கர்த்தர் கொடுத்த மழை" என்றார்கள். தலையில் கைவைத்து ஜெபிக்கிறவளிடம் யார் மருமகள் கதையைச் சொல்வார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் என் மகள் பியூலா தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கியவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். போனில் சொல்லியிருந்தேன், என் மகன் மஸ்கட்டிலிருந்து "எம்மா, கேமராவ கீழ காட்டு" என்று வீடியோவில் பார்த்துச் சிரித்தும் இருந்தான், இருந்தாலும் நேரில் பார்ப்பது வேறுதான்.

"எம்மா, எறங்கு."

"எறங்க முடியாதுட்டி."

"அப்ப பிள்ளைய யாரு குளிப்பாட்டுவா?"

வெள்ளைச் சேலை எடுக்கத் தோன்றிய எனக்கு இது தோன்றவில்லை. எங்கள் பக்கம் தலைப்பிள்ளை பிறந்து தொப்புள்கொடி விழுந்ததும், பெற்றவளின் தாய் தாழ்ந்த மணைப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டி, கணுக்காலோடு கணுக்கால் சேர்த்து, அந்தக் கால்மேல் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மூக்கும் தலையும் நீவிக் குளிப்பாட்டுவாள். என் இரண்டு பிள்ளைகளையும் இந்தத் தெருவின் பாதிப் பிள்ளைகளையும் என் காலில் போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறேன். வேறு எதில் நான் கெட்டிக்காரியோ இல்லையோ, எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள், என் காலில் கிடந்து அழுத பிள்ளை கிடையாது.

அந்த வாரமே சம்பந்தியம்மா ரெஜினாள் வந்தார்கள். நாகர்கோவில்காரி, கறாரான மனுஷி, ஆனால் பொய் சொல்லமாட்டார்கள். கொண்டுவந்த நேந்திரம்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு, நான் ஜன்னல்காற்றில் ஆடுவதைக் கொஞ்சநேரம் பார்த்தார்கள்.

"தப்பா நினைக்காதீங்க மைனி" என்றார்கள். "ஆண்டவர் உங்களத் தூக்கினாரு, சரி. எனக்க பேரப்பிள்ளைய அந்தக் கால்ல போட நான் சம்மதிக்கமாட்டேன், கேட்டியளா. பிள்ளை போடுக காலுக்குக் கீழ தரை வேணும்."

"நான் கெட்டியாப் பிடிச்சுக்கிடுவேன் மைனி."

"உங்கள யாரு பிடிப்பா? கயிறா?"

என் வீட்டுக்காரர் கயிற்றை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

பிள்ளை பிறந்து கொடி விழுவதற்குள் நான் இறங்கவேண்டும், இல்லையென்றால் தாயையும் பிள்ளையையும் நாகர்கோவிலுக்கே கூட்டிப்போய்விடுவதாகவும், அங்கே குளிப்பாட்ட ஆள் வைத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் வந்தது. நானாயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்பது அதைவிட வருத்தமாயிருந்தது.

இறங்குவதற்கு என்னவெல்லாமோ செய்தேன். அம்மிக்குழவியைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். அது என்னோடு சேர்ந்து மேலேயே நின்றது. அரிசிச் சாக்கை முதுகில் ஏற்றினோம், அரிசியும் நின்றது. லீதியா என் மடியில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். சாண் சாணாகவே இருந்தது, அவள்தான் இறங்க மனமில்லாமல், "யக்கா, அப்படியே ரேஷன் கடை வரைக்கும் விட்டிருதியளா, ஒரே சகதியா கெடக்கு" என்றாள். வயிறாரத் தின்றால் பாரம் கூடும் என்று என் வீட்டுக்காரர் சொல்ல, அந்த யோசனையை மட்டும் ஒரு வாரம் மனப்பூர்வமாகக் கடைப்பிடித்தேன். உயரம் அப்படியே இருந்தது. ஜாக்கெட்தான் பிரிக்கவேண்டியதாயிற்று.

கடைசியில் ஐயாவிடம் போனேன். அவர் பலகைமேல் ஏறி நின்றுகொண்டு பேசினார்.

"எதுக்காக ஜெபிக்கணும்மா?"

"நான் எறங்கணும் ஐயா."

"எறங்கினா முட்டுவலி வருமே."

"வரும்."

"அப்ப, முட்டுவலி வரணும்னு ஜெபிக்கவா?" என்று கேட்டுவிட்டு அவர் தாடையைத் தடவினார். "நான் இந்தச் சபைக்கு வந்த நாள்லேர்ந்து அது போகணும்னு ஜெபிச்சிருக்கேன். இப்ப நானே மாத்திக் கேட்டா அவருக்கே குழப்பமாயிரும். நீங்க கேட்டது, நீங்களே பேசித் தீத்துக்கிடுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து, முட்டுவலி திரும்ப வேண்டும் என்று உபவாசம் இருக்கப்போவதாகச் சொன்னேன். முட்டுவலி உள்ளவர்களெல்லாம் ஒன்றாக என்னைத் திட்டினார்கள். "வேண்டாம்னா எங்களுக்கு மாத்திவிடு புஷ்பம்" என்று கேட்டவர்களும் உண்டு. கைத்தடி ஊன்றி நடக்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கப்போகிற திமிர்பிடித்தவள் என்று பெயர் வந்தது. ஒரே மாதத்தில் பரிசுத்தவாட்டியாகவும் திமிர்பிடித்தவளாகவும் பெயரெடுத்தவள் நான்தான், சும்மா நின்றதற்கு.

உபவாச நாளில் காலையிலிருந்தே மழை. அடுப்படியில் போய் நின்றேன், மற்ற அறைகளில் காற்று ஆட்டும் என்று. எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தைகளையெல்லாம் எடுத்து ஜெபித்தேன், கோயிலில் ஐயா சொல்வது மாதிரி சர்வவல்லமையும் மகா இரக்கமும் என்று இழுத்து இழுத்து. அரைமணி நேரத்தில் சரக்குத் தீர்ந்தது. வயிறு இரைந்தது. லீதியா வீட்டில் வேண்டுமென்றே கருவாடு வறுத்தாள் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ஜெபிக்க ஒன்றும் இல்லாமல், கண்ணை மூடினால் கருவாடு தெரிகிறதே என்று, கண்ணைத் திறந்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே வைத்த அலுமினியச் சட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இந்த ஓட்டை மாற்றச்சொல்லி வருஷாவருஷம் சண்டை போட்டிருக்கிறேன். ஓடு ஒழுகினாலும் சட்டிக்குள்ளேயே ஒழுகுகிறதே, அதற்கு ஸ்தோத்திரம் என்று சும்மா சொல்லிவைத்தேன், வாய்க்கு ஒரு வேலையாக. அடுப்புக்கு மேலே கட்டின கொடியில், பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று கிழித்துத் துவைத்த பழைய வேட்டித் துண்டுகள் புகைவாசனையோடு காய்ந்துகொண்டிருந்தன, வெளியே ஒரு துணியும் காயாத இந்த நாளில் ஒரு கொடி நீளத்துக்கு இங்கே சூடு இருக்கிறதே, அதற்கு ஸ்தோத்திரம். மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்த கோழி விறகுக்கு நடுவில் உட்கார்ந்து என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறது, அதற்கு ஸ்தோத்திரம். பியூலா பின்னறையில் வாய்திறந்து உறங்குகிறாள், கருப்பட்டிக் காப்பி போடுகிறேன் என்று போன மனுஷன் கருப்பட்டியை எங்கே வைத்திருக்கிறேன் என்று இத்தனை வருஷம் கழித்தும் கேட்கிறார், அவருக்கும் ஸ்தோத்திரம், கருப்பட்டிக்கும் ஸ்தோத்திரம். கொல்லையில் அவரைக்கொடி கேட்பாரில்லாமல் காய்த்துத் தள்ளுகிறது, தவளை ஒன்று யாரையோ விடாமல் கூப்பிடுகிறது, சாணி மெழுகிய பழைய தரைக்குமேல் போட்ட இந்தச் சிமெண்டுத் தரை மழைக்காலத்தில் குளித்து எழுந்த பிள்ளையின் முதுகு மாதிரி குளிர்ந்து கிடக்கும், இந்தத் தரையில் உட்கார்ந்துதான் எல்லாம் செய்தேன், அரிந்தேன், அரைத்தேன், பால் கொடுத்தேன், அழுதேன், உட்காரும்போதெல்லாம் "அப்பாடா" என்றும் எழும்போதெல்லாம் "அம்மாடி" என்றும் சொன்னேனே ஒழிய, மடங்கி மடங்கி என்னை இந்தத் தரைக்குக் கூட்டிவந்த இரண்டு முட்டுக்கும் ஒருநாளாவது ஒரு ஸ்தோத்திரம் சொன்னேனா. அவற்றைப்பற்றிப் புகார் மட்டும் வாரந்தவறாமல் கொடுத்திருக்கிறேன்.

என்ன கேட்க வந்தேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. பெருவிரலில் ஏதோ சில்லென்றது.

அதைத் தொடர்ந்து வலி வந்தது. கடைசி பஸ்ஸில் மூட்டைமுடிச்சோடு வந்திறங்கும் சொந்தக்காரனைப் போல, கொஞ்சமும் கூச்சப்படாமல், நேராக உள்ளே வந்து இரண்டு முட்டிலும் படுக்கையை விரித்துப் போட்டுக்கொண்டது.

"என்னங்க" என்றேன். "வலிக்கு."

அவர் காப்பி டம்ளரோடு வந்து குனிந்து பார்த்தார். "கொஞ்சம் பாக்கி இருக்கு" என்றார். "பெருவிரல் தொடுது. குதிங்கால் தொடல."

அந்தக் கொஞ்சம், அதாவது ஒரு விரல்கடையளவு, போகவே இல்லை. சரியாகச் சொல்லவேண்டுமானால், வலி முழுதாக வந்துவிட்டது, நான்தான் முழுதாக வரவில்லை. பியூலாவுக்கு அன்று சாயங்காலமே இடுப்புவலி எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய், பெண்பிள்ளை பிறந்து, வீட்டுக்கு வந்து, தொப்புள்கொடியும் விழுந்தது. சம்பந்தியம்மா கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பிள்ளையைப் பார்த்து, முத்தமிட்டு, மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, பியூலாவிடம் கொடுத்தார்கள். பிறகு இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறினார்கள்.

"குதிங்கால வைங்க மைனி."

வைத்தேன். கைக்குட்டையை இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் இழுத்தார்கள். தடையில்லாமல் வந்துவிட்டது.

லீதியா வெந்நீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சம்பந்தியம்மா கைக்குட்டையை மடித்தார்கள், மடித்ததையே மறுபடி மடித்தார்கள்.

"பையெல்லாம் எடுத்து வையி மக்கா" என்றார்கள் பியூலாவிடம்.

பியூலா எடுக்கவில்லை. "அத்தே, அங்க குளிப்பாட்டுகவங்க நல்லாத்தான் குளிப்பாட்டுவாங்க. நான் வாரேன். ஒரே ஒரு தடவ எங்கம்மா கால்ல போட்டுட்டு வாரேன்" என்றாள். பிள்ளையும், இதுதான் சமயம் என்று, வெளிக்குப் போய்விட்டு வீல் என்று கத்தியது.

அழுக்குப் பிள்ளையை எந்தச் சம்பந்தியும் காரில் ஏற்றமாட்டாள்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார்கள். மணைப்பலகையைப் பார்த்தார்கள். "இரிங்க" என்றார்கள். நான் பலகையில், பலகைக்கு ஒரு விரல்கடை மேலே, உட்கார்ந்து காலை நீட்டினேன். அவர்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, லீதியாவின் தோளைப் பிடித்து, முனகிக்கொண்டே என் பக்கத்தில் தரையில் இறங்கினார்கள். அவர்கள் தரையில் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் என் இரண்டு முட்டின்மேல் வைத்து, முழுப் பலத்தோடு அமுக்கினார்கள்.

"வலிக்கா மைனி?"

"வலிக்கு."

"விடட்டா?"

"விடாதீங்க."

அவர்கள் அமுக்க அமுக்கக் கண்ணில் பொறி பறந்தது, குதிங்கால் தரையில் உட்கார்ந்தது, பலகை எனக்குக் கீழே வந்து முட்டியது. பியூலா பிள்ளையைக் கால்மேல் கிடத்தினாள். எண்ணெய் வழுக்கும் அந்தச் சின்ன உடம்பின் சூடு கணுக்காலிலிருந்து ஏறியது. லீதியா ஊற்ற, நான் நீவ, பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, யார் வீட்டுக் கால் இது என்று யோசிப்பதுபோல நெற்றியைச் சுருக்கி, பிறகு அந்த யோசனையையும் விட்டுவிட்டு, கொட்டாவிவிட்டது. வெளியே மழை. உள்ளே வெந்நீர். நான் ஜெபமும் பண்ணவில்லை, ஒன்றும் பண்ணவில்லை, கழுத்து மடிப்பில் ஒட்டியிருந்த பயத்தமாவை விரலால் எடுத்துக்கொண்டிருந்தேன்.

துவட்டினதும் பியூலா பிள்ளையை வாங்கிக்கொண்டு சாம்பிராணிப் புகைக்குப் போனாள். அவள் பின்னாலேயே லீதியா போனாள், கார் டிரைவரிடம் காத்திருக்கவேண்டாம் என்று சொல்ல என் வீட்டுக்காரர் போனார். அப்படிச் சொல்லச்சொல்லிக் கண்ணைக் காட்டியது சம்பந்தியம்மாதான். எல்லாரும் போனபிறகுதான் அவர்கள் என் முட்டிலிருந்து கையை எடுத்தார்கள். நான் மேலே போகவில்லை.

அவர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். ஒரு கையை ஊன்றினார்கள், மறு கையை ஊன்றினார்கள், அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"எனக்கும் முட்டுதான் மைனி" என்றார்கள் மெதுவாக. "யாருட்டயும் சொன்னதில்ல. மருமக வீட்டுல போயி எதுக்குச் சொல்லணும்னு இருந்தேன். இப்ப எந்திக்க முடியல."

"என்னாலயும் முடியல."

"கூப்பிடவா யாரயாவது?"

எங்கள் இரண்டு பேரையும் சுற்றிக் குளிப்பாட்டின தண்ணீர் பரவி, மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.

"எதுக்கு மைனி, இருப்போம்" என்றேன். "தரை நல்லா குளுந்து கெடக்கு."